ஹார்ஸ் செஸ்ட்நட்: அழகுக்காகக் குடியேற்றப்பட்ட மரம்

பட்டையும் கம்பளியையும் அலசுவதற்கு உதவும் பூவந்திக் கொட்டையை நம் நெசவாளர்கள் நன்கறிவர். அதன் குடும்பத்தைச் சேர்ந்த மரம் ஒன்று ஐரோப்பிய நகரங்களின் சாலைகளுக்கு நிழல் தருகின்றது. ஹார்ஸ் செஸ்ட்நட் என்பது அதன் பெயர். அழகுக்காக அயலிடத்திலிருந்து கொணரப்பெற்ற அம்மரத்தின் வரலாறு, விதையும் நாற்றும் வெளியிலிருந்து பெறும் விவசாயிகள் அறியத்தக்கது.

முதலில் மரத்தின் இயல்பைக் காண்போம். இது 100 அடி உயரம் வரை வளரவல்லது, குளிர்காலத்தில் இலையுதிர்க்கும். இலவ மரத்தின் இலைபோல், ஒரே காம்பின் நுனியில் 5 முதல் 7 சிற்றிலைகள் விரல்களாய் விரிந்திருக்கும். ஆனால் இலவின் இலைகள் மாறிமாறித் தோன்ற, இதன் இலைகள் இரண்டிரண்டாய் எதிரெதிரே தோன்றும். இலை உதிர்ந்த தழும்பு, ஆணி அறைந்த குதிரை லாடத்தை ஒத்திருக்கும். வசந்தத்தில் வெண்மலர்க் கொத்துகள் நிமிர்ந்து நிற்கும். இளம்பூவின் இதழில் மஞ்சள் புள்ளி உண்டு. தேன் சுரப்பு நின்றபின் அது சிவந்துவிடும். தேனீக்கள் மஞ்சள் புள்ளியுள்ள பூக்களையே நாடுகின்றன.

முட்கள் நிறைந்த பச்சைக் காய் வெடிக்கும்போது, பளபளக்கும் பழுப்பு விதைகள் வெளிப்படும். உண்ணத்தக்க செஸ்ட்நட் கொட்டையை இவ்விதை ஒத்திருப்பினும், அது வேறு குடும்பத்தது; இதுவோ நஞ்சுடையது. நுரைக்கும் பொருள் இதிலும் உண்டாதலால், பிரான்ஸிலும் ஸ்விட்ஸர்லாந்திலும் முற்காலத்தில் இதனை இடித்து நீரில் ஊறவைத்துத் துணியும் கம்பளியும் வெளுத்தனர். துருக்கியர் குதிரைகளின் இருமலுக்கு இவ்விதையைக் கொடுத்தனர் என்ற செய்தியே பெயருக்குக் காரணம் என்பர்.

1576இல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வந்த விதைகளைத் தாவரவியல் அறிஞர் குளூசியஸ் வியன்னாவில் வளர்த்தார். பிறகு மேற்கு ஐரோப்பாவெங்கும் அரண்மனைத் தோட்டங்களிலும் பூங்காக்களிலும் இம்மரம் பரவிற்று. லண்டனை அடுத்த புஷி பூங்காவின் நெடிய மரவரிசை 1699இல் அமைந்தது. இதன் தாயகம் ஆசியா என்றே அறிஞர் நெடுங்காலம் எண்ணினர். கிரீஸ், அல்பேனியா முதலிய பால்கன் மலைப் பகுதிகளே அதன் பிறப்பிடம் என்பது 19ஆம் நூற்றாண்டில்தான் உறுதியாயிற்று.

நானூறு ஆண்டுகள் கடந்தபின் துன்பம் தோன்றியது. 1984இல் மாசிடோனியாவின் ஓஹ்ரிட் ஏரிப் பகுதியில், அரை சென்டிமீட்டர் நீளமே உள்ள அந்துப்பூச்சி ஒன்று இம்மரங்களில் காணப்பெற்றது. அதன் புழு இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையே குடைந்து தின்னும். கோடையிலேயே இலைகள் கருகி உதிரும், விதைகள் சிறுக்கும். 1989இல் ஆஸ்திரியாவிலும் 2002இல் இங்கிலாந்திலும் இது தென்பட்டது. உதிர்ந்த இலைகளோடும் வாகனங்களோடும் இது ஊர்விட்டு ஊர் சென்றது.

இப்பூச்சி எங்கிருந்து வந்தது? கிரீஸில் 1879இல் பறித்து உலர்த்திப் பாதுகாத்த இலைகளுக்குள்ளேயே இதன் புழுக்கள் இருந்தமை 2011இல் வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தது. மரத்தின் தாயகத்திலேயே பூச்சியும் வாழ்ந்திருக்கிறது. மரம் முன்னே சென்றது. பகைவன் பின்னே சென்றான். சாலைதோறும் ஒரே இனம் வரிசையாக நின்றமையால் அவனுக்கு விருந்து காத்திருந்தது. தாயகத்திலும் இம்மரம் நலிந்துள்ளது. அழிவை எதிர்நோக்கும் இனங்களுள் ஒன்றாக இது 2017இல் கணிக்கப்பெற்றது.

எளிய பரிகாரம் ஒன்று உண்டு. கூட்டுப்புழுக்கள் உதிர்ந்த இலைகளில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அவ்விலைகளைக் கூட்டி எரித்தாலும், நன்கு சூடேறும் எருக்குழியில் மக்கவைத்தாலும் அடுத்த ஆண்டின் சேதம் குறைகின்றது. ஆனால் ஒருவர் மட்டும் தம் மரத்தடியைத் துப்புரவு செய்து பயனில்லை. அண்டை மரத்திலிருந்து பூச்சி பறந்து வரும். தெரு முழுவதும் கூடிச் செய்தல் வேண்டும்.

நாம் இதிலிருந்து கொள்ளத்தக்கவை மூன்று. புதிய நாற்றை வாங்குமுன் அதன் தாயகத்தில் அதற்குள்ள பூச்சி, நோய்களை விசாரித்தறிதல் வேண்டும். வரப்பிலும் சாலையிலும் ஒரே இனத்தை நடாமல் பலவற்றைக் கலந்து நடுதல் வேண்டும். பூச்சி கண்டவிடத்து அண்டை நிலத்தாரையும் அழைத்து ஒரே சமயத்தில் தடுத்தல் வேண்டும். வேலியைத் தாண்டிப் பறக்கும் பகையை வேலிக்குள் தனித்து நின்று வெல்ல இயலாது.