விதை ஆய்வாளர்

நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளைவது வழக்கம். பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய்களுக்கு வந்து சேர்வதற்கு முன்னும் பின்னுமாக, அம்பை 16 என்றும், பக்கத்துத் திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட டி.பி.எஸ். ரகங்கள் என்றும் விவசாயிகள் கேட்டு வாங்கும் அந்தச் சில வாரங்களில், நாகர்கோவில் விதைக்கடைகளைப் பரிசீலிக்கும் விதை ஆய்வாளருக்கு ஓய்வு என்பதே கிடையாது.

சோற்று நெல்லில் பழுதிருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். விதைநெல்லின் பழுதோ, நாற்றங்கால் பாவி, முளை வராமல் நாட்கள் கழிந்து, மறுபடி விதைக்கும் பருவமும் தவறிய பிறகே வெளிப்படும். இந்த அபாயத்தை உத்தேசித்துத்தான் 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டம் இப்படியோர் உத்தியோகஸ்தரைச் சிருஷ்டித்தது.

கடையில் அவர் முதலில் பார்ப்பது மூட்டையின் வாயில் தைத்த அட்டையைத்தான். வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். குவியல் எண்ணும் காலாவதித் தேதியும் அதிலேயே இருக்கும். சந்தேகம் தோன்றினால், கூர்முனையுள்ள நீண்ட குழலைச் சாக்கினுள் சரிவாகச் செருகி, மேலும் நடுவும் அடியுமாக நெல்லை எடுத்துக் கலந்து, மூன்று பங்காக்கி முத்திரையிடுகிறார். ஒரு பங்கு வியாபாரிக்கு. ஒன்று விதைப் பகுப்பாய்வாளருக்கு. மூன்றாவது அவர் கைவசம். வழக்கு என்று வந்தால், கோர்ட்டார் அந்த மாதிரிகளை மத்திய விதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பித் தீர்மானிக்கலாம். அதிகாரியின் சொல்லே முடிவு என்று விடாமல் வியாபாரிக்கும் ஒரு பங்கு கொடுத்த ஏற்பாட்டையே இச்சட்டத்தின் மிக நியாயமான அம்சமாக நான் கருதுகிறேன்.

பரிசோதனை நிலையத்தில் 400 நெல்மணிகள், நூறு நூறாக, ஈரத்தாளிலோ மணலிலோ 14 நாட்கள் இருக்கின்றன. முளைத்தவை யாவும் கணக்கில் சேர்வதில்லை; வேர் விடாமல் குருத்து மட்டும் நீண்டதும், முறுக்கிக்கொண்டு வளர்ந்ததும் தள்ளப்படும். நல்ல முளை நூற்றுக்கு 80, புறத்தூய்மை 98, ஈரம் 13-க்கு மேற்படாமை ஆகியவை சான்று நெல்லுக்கான பிரமாணம். இதில் ஒரு விசித்திரமும் உண்டு: புதிதாக அறுத்த நெல் உயிரோடிருந்தும் சில வாரங்கள் உறங்கிக் கிடக்குமாதலால், உலர்ந்த வெப்பத்தில் வைத்து அந்த உறக்கத்தைக் கலைத்த பின்னரே அதைச் சோதிக்க வேண்டும், அவசரப்பட்டால் நல்ல விதை செத்த விதையென்று தீர்ப்புப் பெற்றுவிடும்.

இந்தப் பிரமாணத்துக்குக் குறைந்த விதையை விற்றால், முதல் குற்றத்துக்குச் சட்டம் விதிக்கும் அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். இன்றைய விலைவாசியில் யாரும் அதற்கு நடுங்கப் போவதில்லை. மெய்யான ஆயுதம், 30 நாட்கள் வரை சரக்கை விற்கக் கூடாதென்று ஆய்வாளர் எழுத்தில் கொடுக்கும் தடையுத்தரவுதான்: அதற்குள் விதைப்பு முடிந்துவிட்டால், கடைக்காரர் அந்த மூட்டைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

ஆயினும், தன் வயலில் விளைந்த நெல்லைத் தன் வீட்டிலேயே பக்கத்து வயற்காரருக்கு விதைக்காக விற்கும் விவசாயியை இச்சட்டம் தொடுவதில்லை. அந்த வீட்டுத் திண்ணையில் ஆய்வாளர் வந்து உட்கார்ந்தாலும் வெறும் விருந்தாளிதான்.