உப்புக் காற்றில் நின்ற டிராக்டர்: வாங்குமுன் கவனியுங்கள்

தூத்துக்குடி வட்டாரத்தில் பழைய டிராக்டர் வாங்கும் விவசாயிகள் பலர், விலை படிந்த மகிழ்ச்சி அடங்குமுன் ஒர்க் ஷாப் வாசலில் நிற்க நேரிடுகிறது. முதலில் கிளட்ச், அடுத்த மாதம் பேரிங், புரட்டாசி உழவு நேரத்தில் ஹைட்ராலிக். ரிப்பேர் செலவைவிட, கரிசல் மானாவாரியில் விதைப்புப் பருவம் தவறுவதே பெரிய நஷ்டம்.

இக்கரையோர வண்டிகளை இரண்டு வியாதிகள் பிடிக்கின்றன. ஒன்று உப்பு. வ.உ.சி. துறைமுகத்திற்கு வடக்கே வேப்பலோடை, வேம்பார் பக்கமும், தெற்கே ஆறுமுகநேரியிலும் உப்பளங்கள் உள்ளன. உப்பு ஏற்றிய வண்டியில் ஒட்டிய தூள், காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, வர்ணம் கீறிய இடத்தில் புகுந்து இரும்பை அரிக்கும். மேலே புது வர்ணம் பளபளக்கும். உள்ளே தகடு பொருக்காக இருக்கும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர், இங்கே வண்டிக்கு அடியில் குனிந்து, சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் மின்சாரக் கோளாறு ஓயாது.

மற்றது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகளில் வெள்ளம் சூழ்ந்தது. வண்டி மூழ்கியது குற்றமல்ல. மூழ்கிய வண்டியை எண்ணெய் மாற்றாமல் ஓட்டியதே கேடு. கியர் பாக்ஸ் எண்ணெய் பால் கலந்த காப்பி போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். தொளியில் கேஜ் வீல் போட்டு உழுத வண்டியிலும், சீல் தேய்ந்திருந்தால் இவ்வாறு நேரும். முகப்பு விளக்கின் கண்ணாடிக்குள் வண்டல் கோடு இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

எஞ்சின் சோதனை

விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போக வேண்டும். ரேடியேட்டரைத் தொட்டால் சூடாக இருந்தால், விற்பவர் முன்பே ஓட்டிவைத்திருக்கிறார். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். ஓடும்போது ஆயில் ஊற்றும் வாய் வழியே புகை தள்ளினால் பிஸ்டன் ரிங், லைனர் தேய்ந்துள்ளன; அந்தச் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும். கலப்பையைத் தூக்கி எஞ்சினை நிறுத்தினால் அது மளமளவென இறங்கக் கூடாது. மீட்டரில் மணி குறைவாகவும், கிளட்ச் பெடல் வழவழவெனத் தேய்ந்தும் இருந்தால் பெடலையே நம்பலாம். உடன் வரும் மெக்கானிக் விற்பவருக்கு வேண்டியவராக இருக்கக் கூடாது.

ஆர்.சி. புத்தகத்தில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், அது நீங்கியபின்பே முழுப்பணம் தர வேண்டும். இன்சூரன்சைப் பெயர் மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

வாங்கியவுடன் எல்லா எண்ணெய்களையும் பில்டர்களையும் மாற்றிவிடுவது சிக்கனம். உப்பளப் பக்கம் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவி, காய்ந்தபின் கிரீஸ் அடிக்க வேண்டும். ஆண்டில் சில நாள் உழவே உள்ள சிறு விவசாயி, வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டருக்கு ஆகும் செலவையும் கணக்கிட்டுப் பார்த்தபின் முன்பணம் கொடுக்கலாம்.