திராட்சைத் தோட்டமும் வழிப்போக்கரும்

எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி வழியாகச் சேலம் செல்லும் சாலையில் உள்ளது. கல்வராயன் மலை காணச் செல்லும் பிரயாணிகள் பலர் இவ்வழியே போகின்றனர். சாலையோரத்தில் பழத்தோட்டம் வைத்திருப்போர்க்கு வழிப்போக்கர் கனி பறிப்பரென்னும் அச்சம் எங்கும் உண்டு. அவ்வழிப்போக்கரையே விலை கொடுத்து வாங்கும் விருந்தினராக்கும் முறை திராட்சை நாடுகளில் வழங்கி வருகிறது. அதன் நன்மையையும் நிபந்தனைகளையும் நிலமுடையோர் அறிதல் நலம்.

பிரான்சு தேசத்து மெடாக் பகுதியில் பாதையோரக் கொடிகளின்மேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பது முன்னாளில் வழக்கம். இலைகள் நீலம் பூத்திருப்பதைக் கண்டு எவரும் பழத்தைத் தொடமாட்டார் என்பதே நோக்கம். 1882-ம் ஆண்டில் மில்லார்டே என்னும் அறிஞர், அக்கொடிகள் மட்டும் அடிச்சாம்பல் நோய்க்குத் தப்பியிருக்கக் கண்டார். ஆராய்ந்து 1885-ல் வெளியிட்டார். போர்டோக் கலவை பிறந்த வரலாறு இதுவே.

இன்று அத்தேசத்து அல்சாஸ் பகுதியில், 1953-ல் வகுக்கப்பட்ட சுமார் 170 கிலோ மீட்டர் திராட்சைச் சாலையில் பிரயாணிகள் சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று, தோட்டக்காரரிடமே திராட்சை மதுவைச் சுவைத்து வாங்குகின்றனர். நம் நாட்டில் நாசிக்கிலுள்ள சுலா தோட்டத்தில் 2005-ல் சுவை பார்க்கும் கூடம் திறக்கப்பட்டது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், தேக்கடிக்கும் சுருளி அருவிக்கும் செல்வோர் பந்தல்களைக் கண்டு பழம் வாங்கிச் செல்கின்றனர். அங்குள்ள பன்னீர்த் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. கம்பத்திலிருந்து கூடலூர் சுமார் 10 கிலோ மீட்டரே. சைக்கிளில் செல்வோர்க்கும் எளிதான தொலைவு.

இம்முறையை மேற்கொள்வோர் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, நிலம். திராட்சைக்கு வடிகாலுள்ள மண்ணும் நிச்சயமான நீரும் அவசியம்; பந்தலுக்குச் செலவு அதிகம். பன்னீர்த் திராட்சையை மார்கழி, தை மாதங்களில் கவாத்து செய்தால் சித்திரை வாக்கிலும், வைகாசி, ஆனியில் செய்தால் ஆவணி வாக்கிலும் அறுவடை கிடைக்கும். இவ்விரு போகங்களும் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன்பே முடிந்துவிடும்.

இரண்டாவது, மருந்து. கொடியிலிருந்தே பறித்து உண்ணக் கொடுப்பவர், மருந்துச் சீட்டில் கண்ட காத்திருப்பு நாட்கள் கழியுமுன் எவரையும் தோட்டத்துள் விடலாகாது. பழத்தைக் கழுவியே கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, சட்டம். சுவை பார்க்கத் தருவது பழமும் அன்றன்று பிழிந்த சாறுமாகவே இருத்தல் வேண்டும். உரிமமின்றி மது செய்வது 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை இம்மாவட்டத்தார் மறவார்.

பந்தல் போட வசதியில்லாதவர் வருந்த வேண்டியதில்லை. கொய்யா, மா முதலிய தோப்புகளுக்கும் இம்முறை பொருந்தும். நிழலும், குடிநீரும், சரியான தராசும் இருந்தால் தொடங்கலாம். புதிதாகத் திராட்சை நட விரும்புவோர்க்கு மண் பரிசோதனையை முதலில் செய்துகொள்ளும்படி கிராம அதிகாரிகள் எடுத்துரைப்பாராக.