கம்பியற்ற நெடும்பாதைகள் – 9: கடைசி இருபது விழுக்காட்டின் விலை

ஒரு சிற்றூரின் செல்பேசிக் கோபுரமோ, அவ்வூர் வீடுகளுக்கு இணையம் வழங்கும் சிறு நிறுவனமோ திரட்டும் தரவு முழுவதையும் நகரத்தின் முதன்மை வலையமைப்போடு கொண்டு சேர்க்கும் இணைப்பைத் துறையினர் ‘பேக்ஹால்’ என்று அழைக்கின்றனர். ஒளியிழையைப் புதைக்கும் செலவு தொலைவுக்கு ஏற்ப ஏறிக்கொண்டே போவதாலும், பாறையும் ஆறும் காடும் குறுக்கிடும் இடங்களில் அது பலமடங்காகிவிடுவதாலும், எதிரெதிர் கோபுரங்களில் ஒன்றையொன்று நோக்கும் இரண்டு டிஷ்களைப் பொருத்தி நுண்ணலை வழியே தரவை அனுப்பும் முறை இன்றும் உயிர்ப்போடு இருக்கிறது. அதில் எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய அலைவரிசையை விட்டு, உரிமம் பெற்ற அலைவரிசைக்குச் செல்வோர் எதற்காகப் பணம் கொடுக்கின்றனர், எவ்வளவு கொள்ளளவைப் பெறுகின்றனர் என்பதை, விதிமுறைகள் விரிவாக வகுக்கப்பட்டுள்ள அமெரிக்காவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விதழில் காணலாம்.

அந்நாட்டின் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 6, 11, 18, 23 கிகாஹெர்ட்ஸ் பகுதிகளில் இணைப்புக்கு இணைப்பு தனித்தனியாக உரிமம் வழங்குகிறது. விண்ணப்பிப்பதற்கு முன், புதிய இணைப்பின் அலை ஏற்கெனவே இயங்கும் எந்த இணைப்பையும் கெடுக்காது என்று கணக்கிட்டுக் காட்ட வேண்டும். அக்கணக்கை அருகிலுள்ள உரிமதாரர்களுக்கு அனுப்பி, மறுப்புத் தெரிவிக்க 30 நாள் அவகாசமும் தர வேண்டும். இதற்கெனத் தனி நிறுவனங்கள் உள்ளன. எல்லாம் சேர்ந்து ஓர் இணைப்புக்குச் சில ஆயிரம் டாலர்கள் ஆகலாம். உரிமமோ பத்தாண்டுகளுக்குச் செல்லும். பின்னால் வருபவர் முன்னால் இருப்பவருக்கு இடையூறு செய்யாமல் தம் இணைப்பை அமைத்தாக வேண்டும் என்பதால், உரிமதாரர் வாங்குவது உண்மையில் பத்தாண்டுக் கால அமைதியையே ஆகும். 2020-ஆம் ஆண்டு 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 1,200 மெகாஹெர்ட்ஸை உரிமமற்ற வைஃபை கருவிகளுக்கும் ஆணையம் திறந்துவிட்டபோது மின்வாரியங்களும் பொதுப் பாதுகாப்பு அமைப்புகளும் கடுமையாக எதிர்த்ததற்கு, அந்த அமைதி குலையுமோ என்ற அச்சமே காரணமாக இருந்தது.

கொள்ளளவு மூன்று வழிகளில் கூடுகிறது: தடத்தை அகலமாக்குவது, அதே தடத்தில் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் அதிரும் இரண்டு அலைகளைத் தனித்தனியே அனுப்புவது, ஒவ்வோர் அலைத்துடிப்பிலும் கூடுதல் பிட்களை ஏற்றுவது. 11 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 2012 முதல் 80 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள தடங்கள் அனுமதிக்கப்படுகின்றன. அத்தகைய தடத்தில், ஒரு துடிப்புக்கு 10 பிட்கள் ஏற்றும் 1024-க்யூஏஎம் பண்பேற்றத்தில், பிழைதிருத்தத்துக்கான பங்கு போக நொடிக்கு ஏறக்குறைய 640 மெகாபிட் கிடைக்கும். இரு அதிர்வுத் திசைகளையும் பயன்படுத்தினால் அது இரட்டிப்பாகி ஒரு ஜிகாபிட்டைத் தாண்டிவிடும். விற்பனை விளம்பரங்களில் முந்தி நிற்பதோ 4096-க்யூஏஎம் என்னும் அடுத்த படி. அது துடிப்புக்கு 12 பிட்களை ஏற்றுவதால் கொள்ளளவு 20 விழுக்காடு உயர்கிறது என்பது உண்மைதான். ஆனால் அலை இரைச்சலைக் காட்டிலும் மேலும் 6 டெசிபல், அதாவது நான்கு மடங்கு, வலிமையாக வந்து சேர்ந்தால்தான் அந்த 20 விழுக்காடு கைக்கு எட்டும். அந்த நான்கு மடங்கைப் பெற ஒரு முனையின் டிஷ் விட்டத்தை இரு மடங்காக்க வேண்டும், அல்லது தொலைவைப் பாதியாக்க வேண்டும். கடைசிப் படிகளில் கருவியின் அனுப்பும் திறனும் வழக்கமாகக் குறைந்துவிடுவதால் உண்மையான இடைவெளி இன்னும் பெரிதாகவே இருக்கும்.

டிஷ்ஷின் விட்டம் இரு மடங்கானால் அதன் பரப்பும், அதன்மீது காற்று மோதும் விசையும் நான்கு மடங்காகின்றன. கோபுர உரிமையாளர் வாடகையை நிர்ணயிப்பது டிஷ்ஷின் அளவையும் அது ஏறியிருக்கும் உயரத்தையும் பொறுத்தே. பழைய கோபுரம் அச்சுமையைத் தாங்காது என்று பொறியாளர் எழுதிவிட்டால், இரும்பைக் கூட்டி வலுவாக்கும் செலவும் விண்ணப்பதாரர் தலையிலேயே விழும். வானொலிக் கருவியை ஒருமுறை வாங்கினால் போதும். வாடகையை மாதந்தோறும் பத்தாண்டுகளுக்குக் கட்டியாக வேண்டும். கருவியின் விலைப்பட்டியலை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இவ்விடத்தில்தான். 6 கிகாஹெர்ட்ஸில் வழக்கமாக 6 அடி டிஷ் தேவைப்பட்ட நிலையில், 11 கிகாஹெர்ட்ஸில் 2 அடி டிஷ்ஷை ஆணையம் 2007-இல் அனுமதித்தது சிறு நிறுவனங்களுக்குப் பெரிய விடுதலையாக அமைந்தது என்றே சொல்ல வேண்டும்.

உயரத்தையும் இங்கேயே கணக்கில் கொள்ள வேண்டும். 30 கிலோமீட்டர் பாதையின் நடுவில், வளிமண்டலம் அலையைச் சற்று வளைப்பதைச் சேர்த்துக்கொண்ட பின்னும், பூமியின் புடைப்பு மட்டும் சுமார் 13 மீட்டர் மறைக்கிறது. 6 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அதற்குமேல் ஏறக்குறைய 12 மீட்டர் தடையற்ற வெளி தேவை. மரங்கள் இருந்தால் அவற்றின் உயரம் தனி.

எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பெரிதும் மழையே தீர்மானிக்கிறது. மணிக்கு 50 மில்லிமீட்டர் வீதம் கொட்டும் மழை, கிலோமீட்டருக்கு 6 கிகாஹெர்ட்ஸில் அரை டெசிபலுக்கும் குறைவாக, 11-இல் சுமார் 2, 18-இல் சுமார் 5, 80 கிகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 19 டெசிபல் வலிமையை உறிஞ்சுகிறது. 80 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 10 ஜிகாபிட் வேகம் எளிதாகக் கிடைத்தாலும், உரிமம் எளிய பதிவோடு முடிந்தாலும், நம்பகமான தொலைவு சில கிலோமீட்டர்களோடு நின்றுவிடுவது இதனால்தான். ஆண்டுக்கு 5 நிமிடமே துண்டிப்பை ஏற்கும் 99.999 விழுக்காட்டு நம்பகத்தன்மையை முழு வேகத்துக்கும் கேட்பவர் மிகப் பெரிய டிஷ்ஷுக்குப் பணம் கட்ட நேரிடும். மழையின்போது பண்பேற்றத்தைத் தானாகவே கீழே இறக்கி இணைப்பைக் காக்கும் கருவிகளுக்கு ஆணையம் 2011-இல் வழிவிட்ட பிறகு, அழைப்புகளுக்கும் அவசரத் தரவுக்கும் வேண்டிய அடிப்படை வேகத்துக்கு மட்டும் ஐந்து ஒன்பதுகளையும், எஞ்சியதற்கு ஆண்டில் சில மணி நேரக் குறைவையும் ஏற்பதே அறிவுடைய கணக்காகும்.

இந்தியாவில் இதே கணக்கு வேறு வடிவம் கொள்கிறது. பெரிய செல்பேசி நிறுவனங்களுக்கு 28 மெகாஹெர்ட்ஸ் இணைத் தடங்களை ஒரு தொலைத்தொடர்பு வட்டம் (உரிமத்துக்காகப் பிரிக்கப்பட்ட சேவைப் பகுதி) முழுமைக்குமாக ஒதுக்கி, வருவாயில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பெறும் முறை நெடுங்காலம் நடைமுறையில் இருந்துவருகிறது. அதனால் அந்நிறுவனம் அமைக்கும் ஆயிரமாவது இணைப்புக்கு அலைவரிசைச் செலவு கூடுவதில்லை. சிறிய இணைய நிறுவனமோ, தொலைவையும் தடத்தின் அகலத்தையும் எண்ணிக்கையையும் பெருக்கிவரும் வாய்ப்பாட்டின்படி ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியே கட்ட வேண்டும். ஒரே குன்றில், ஒரே அளவு டிஷ்ஷை ஏற்றும் இருவருள் ஒருவருக்கு அடுத்த இணைப்பு சுமையாவதில்லை. மற்றவரோ 2018-இல் உரிமத்திலிருந்து விலக்கப்பட்ட 5 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்குத் தள்ளப்பட்டு, ஊரிலுள்ள எல்லா வைஃபை கருவிகளோடும் அதே அலைவெளியைப் பகிர்ந்துகொள்கிறார்.