கேனட் – ஒரு சிறு போர்க்கப்பலின் கதை

"இங்கிலாந்து உலகக் கடல்களை ஆண்டது எதைக் கொண்டு?" என்று எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் ஒருநாள் வகுப்பில் வினவினார். "பெரிய போர்க்கப்பல்களைக் கொண்டு" என்று நான் முந்திக்கொண்டு விடை கூறினேன். அவர் புன்னகைத்து, "சிறிய கப்பல்களைப் பற்றியும் படித்துப் பார்" என்றார். அதன் பயனாக நான் அறிந்துகொண்ட 'கேனட்' என்னும் கப்பலின் கதையை மாணவ நண்பர்களுக்குக் கூற விழைகிறேன்.

விக்டோரியா அரசியார் காலத்தில் 'சுலூப்' எனப்பட்ட சிறு போர்க்கப்பல்கள் தொலைதூரக் கடல்களில் காவல் புரிந்தன. வணிகத்தைக் காப்பதும், அடிமை வாணிகத்தைத் தடுப்பதும், பேரரசின் கொடியைக் காட்டி அச்சுறுத்துவதும் அவற்றின் பணிகள். 1878 ஆகஸ்டு 31 அன்று ஷீர்னஸ் துறையில் நீரில் இறக்கப்பட்ட கேனட் அவ்வகையைச் சேர்ந்தது. ஒரு கடற்பறவையின் பெயரே அதற்கு இடப்பட்டது. நீளம் 170 அடி. இரும்புச் சட்டத்தின்மேல் தேக்குப் பலகை பொருத்திய உடல். நிலக்கரி கிடைக்காத கடல்களில் செல்லவேண்டியிருந்ததால் நீராவி எந்திரத்தோடு மூன்று பாய்மரங்களும் இருந்தன. காற்றின் துணையால் செல்லும்போது, நீரின் தடை குறைய, சுழல்விசிறியை மேலே தூக்கிவிடுவார்கள்!

1879இல் பணியேற்ற கேனட் முதலில் பசிபிக் கடலுக்குச் சென்றது. அப்போது சிலி ஒருபுறமும் பெரு, பொலிவியா மறுபுறமுமாகப் போரிட்டுக் கொண்டிருந்தன. கடற்பணி எத்தகைய ஆபத்து நிறைந்தது என்பதற்கு அதன் உடன்பிறப்பான 'டோட்டரல்' கப்பலே சான்று. 1881 ஏப்ரல் 26 அன்று சிலியின் புந்தா அரீனாசில் அது வெடித்துச் சிதறி 143 பேர் மாண்டனர். பகைவர் குண்டு எதுவும் பாயவில்லை. வண்ணப்பூச்சை உலர்த்தும் திரவத்திலிருந்து கசிந்த ஆவியே காரணம் எனப் பின்னர் முடிவு செய்யப்பட்டது.

1888இல் கேனட் செங்கடலில் இருந்தது. சூடானின் சுவாக்கின் துறைமுகத்தை உஸ்மான் திக்னாவின் படையினர் முற்றுகையிட்டபோது, ஏறத்தாழ ஒரு மாதம் அவர்கள்மீது குண்டு பொழிந்தது. அடிமைகளை மீட்க வந்த கடற்படையே, அந்நியராட்சியை எதிர்த்தவர்களையும் சுட்டது. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் நினைவிற்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கப்பலின் தளத்தில் நின்று பார்ப்பவனுக்கு அது வெற்றி. கரையில் நின்று பார்ப்பவனுக்கு அது அழிவு. நாமும் ஒரு காலத்தில் கரையில் நின்றவர்கள் அல்லவா?

1895இல் கடற்பயணம் முடிந்தது. 1903இல் 'பிரசிடென்ட்' என்ற புதுப்பெயருடன் இலண்டனில் பயிற்சிக் கப்பலாயிற்று. பின்னர் ஹாம்பிள் ஆற்றில் 'மெர்க்குரி' பயிற்சிப் பள்ளியின் சிறுவர்கள் உறங்கும் விடுதியானது. அப்பள்ளியை நடத்தியவர் யார் தெரியுமா? நம் ரஞ்சித்சிங்ஜியுடன் சசெக்ஸ் அணியில் ஆடிய கிரிக்கெட் வீரர் சி. பி. பிரை! 1968இல் பள்ளி மூடப்பட்டது. 1987இல் கப்பல் சாத்தம் துறைமுகத்துக்கு வந்து, 1888இல் இருந்த தோற்றத்தில் புதுப்பிக்கப்பட்டது.

கேனட்டைக் காப்பாற்றியது அதன் பீரங்கிகள் அல்ல. பீரங்கிகள் ஓய்ந்தபின் சிறுவர்களுக்கு அது அளித்த இடமே. அழிக்கப் பிறந்த பொருளும் கற்பிக்கும் பணிக்கு வந்தால் நிலைத்து வாழ்கிறது. பேராசிரியரின் கேள்விக்கு இன்று என்னிடம் முழுமையான விடை இருக்கிறது.