ஊசி முடியும் வரை நாய்க்குட்டியை வெளியே விடக் கூடாதா? முதல் 14 வாரங்கள் ஏன் முக்கியம்?

‘எல்லா ஊசியும் போட்டு முடியட்டும், அப்புறம் வெளியே கூட்டிட்டுப் போகலாம்.’ புதிதாக நாய்க்குட்டி வந்த வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பார்வோ வைரஸ் குட்டிகளின் உயிரையே பறிக்கும் என்பதால் பயம் நியாயமானதுதான். ஆனால், அதுவரை பூட்டியே வைத்தால் வேறொரு சிக்கல் வரும்.

அது என்ன 14 வாரக் கணக்கு?

பிறந்த 3-வது வாரத்தில் இருந்து சுமார் 14-வது வாரம் வரை, பார்ப்பதையும் கேட்பதையும் ‘இது ஆபத்தில்லை’ என்று குட்டி எளிதாகப் பழகிக்கொள்ளும். அதன்பிறகு, புதிது என்றாலே சந்தேகம்தான். 2 மாதத்துக்குக் குறைந்த குட்டியை விற்க இந்தியாவின் 2017 விதிகள் தடை விதிக்கின்றன. அப்படிப் பார்த்தால், குட்டி வீட்டுக்கு வந்தபின் மிஞ்சுவது ஐந்தாறு வாரம்தான். பார்வோ தடுப்பூசியோ 6–8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை பல தவணையாகப் போடப்படுகிறது. ஊசி முடிவதற்குள் பழகும் காலம் முடிந்துவிடும்!

அப்போ என்ன செய்யலாம்?

தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தெரு ஓரம், பிற நாய்கள் நடமாடும் இடம் வேண்டாம். தடுப்பூசி போட்ட, ஆரோக்கியமான நாய் உள்ள உறவினர் வீட்டுக்குப் போகலாம். எப்போது தொடங்கலாம் என்பதை மட்டும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதையெல்லாம் பழக்கணும்?

குமரி மாவட்டத்தில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. மீன்காரர் டூவீலர் ஹாரன், கோயில் கொடை மேளம், சர்ச் திருவிழா வெடி. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைப்பதால் இடிச் சத்தம் வேறு. செல்போனில் இந்த ஒலிகளை மெதுவாக வைத்து, கூடவே அவித்த முட்டைத் துண்டு கொடுங்கள். குட்டி பதறினால் ஒலியைக் குறையுங்கள். ஹெல்மெட் போட்டவர், குழந்தைகள், வேட்டி கட்டிய தாத்தா என விதவிதமான ஆட்களையும் அது பார்க்கட்டும்.

காவலுக்கு வளர்க்கும் நாயைப் பழக்கலாமா?

‘எல்லார்கிட்டயும் பழகினா குரைக்காதே’ என்று தயங்குபவர்கள் உண்டு. ராஜபாளையம், கோம்பை போன்ற நாட்டு நாய்களுக்கு அந்நியர் மீது சந்தேகம் இயல்பிலேயே அதிகம். பழக்கினால் அது போய்விடாது. பழக்காமல் வளர்ந்த நாய், பயத்தில் கூரியர் கொண்டுவருபவரையும் கடிக்கும், பக்கத்து வீட்டுக் குழந்தையையும் கடிக்கும்.

வீட்டுக்குள்ளே சிறுநீர் போனால்?

அடிப்பதும், மூக்கைத் தேய்ப்பதும் வேண்டாம். எதற்கு அடி விழுந்தது என்று குட்டிக்குப் புரியாது. உங்களைக் கண்டு பயப்பட மட்டும் கற்றுக்கொள்ளும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் ஒரே இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்கள். போய் முடித்த அடுத்த நொடியே பாராட்டுங்கள்.

விளையாட்டாகக் கடித்தாலும் ஊசி போடணுமா?

ரேபிஸ் தடுப்பூசி குட்டிக்குப் பொதுவாக 3 மாத வயதில்தான் போடப்படும். எனவே குட்டிதானே என்று விடாதீர்கள். பல் பட்டாலோ, நகம் கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம்தான்.