பங்குப் பத்திரமும் பீரோச் சாவியும்

"இப்போது எதை வாங்கலாம்?"

பங்குகளில் பணம் போட்டிருக்கும் வீடுகளில் இந்தக் கேள்விதான் ஓயாமல் காதில் விழுகிறது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். ரயிலில் எதிர் ஆசனத்துக்காரர் கேட்கிறார். கத்தரிக்காய் விலையை விசாரித்த கையோடு ஒரு சகோதரி இன்னொரு சகோதரியைக் கேட்கிறார். இந்தக் கட்டுரையில் அதற்குப் பதில் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதில் நிச்சயமாகத் தெரிந்தவர் எவரும் வாரப் பத்திரிகையில் கட்டுரை எழுதிக் கொண்டிருக்க மாட்டார்!

முன்பெல்லாம் பங்கு வியாபாரம் என்றால் அது தரகர்கள் பாடு. சென்னையில் செகண்ட் லைன் பீச்சில் இதற்கென்று பங்குச் சந்தைக் கட்டடமே இருந்தது. 2015-ல் அந்தச் சந்தை விடைபெற்றுக் கொண்டது. இப்போது கைக்கு அடக்கமான டெலிபோனுக்குள்ளேயே சந்தை இருக்கிறது. இன்று விற்றால் மறு வேலை நாளில் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குகளுக்கும் இந்த ஏற்பாடு வந்தாயிற்று. சௌகரியந்தான். ஆனால் தரகரும் குமாஸ்தாவும் பார்த்துக் கொண்டிருந்த வேலை முழுவதும் இப்போது வீட்டு மனிதர்கள் தலையில் விழுந்திருக்கிறது. அந்த வேலையில் எழும் சந்தேகங்களைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சந்தை விழும்போதெல்லாம் எழுகிற சந்தேகம் ஒன்று: "இன்னும் இறங்குவதற்குள் விற்றுவிட வேண்டாமா?"

நடந்த கதையைக் கேளுங்கள். 2008 ஜனவரியில் பம்பாய்ப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் 21,000-ஐத் தாண்டியது. அதே வருஷம் அக்டோபரில் 8,000-க்கும் கீழே போய்விட்டது. மறுபடி 21,000-ஐத் தொடுவதற்கு 2010 நவம்பர் ஆயிற்று. கொரோனா வந்தபோது, 2020 மார்ச் 23-ம் தேதி ஒரே நாளில் நூற்றுக்குப் பதின்மூன்று வீதம் சரிந்தது; அந்த வருஷம் முடிவதற்குள் பழைய உயரத்தையும் தாண்டிவிட்டது. பொறுத்திருந்தவர்கள் பிழைத்தார்கள் என்று இப்போது சொல்வது சுலபம். பொறுத்திருக்க முடியாதவர்கள் என்ன செய்வது? 2009 மார்ச்சில் பெண்ணின் கல்யாணச் சத்திரத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தவரிடம், "இன்னும் ஒன்றரை வருஷம் பொறுங்கள், ஸார்" என்று சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் ஒப்புவார்களா? ஆகையால் விற்பதா வேண்டாமா என்று சந்தையைப் பார்த்துத் தீர்மானிப்பதைவிட வீட்டுக் காலண்டரைப் பார்த்துத் தீர்மானிப்பது மேல். நாலைந்து வருஷத்துக்குள் தேவைப்படப் போகிற பணத்துக்குப் பங்குச் சந்தையில் வேலையே இல்லை. அதன் இடம் பாங்கு டிபாசிட், அல்லது தபாலாபீஸ்.

இதிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்னது முப்பது கம்பெனிகள் சேர்ந்த சென்செக்ஸின் கதை. தனிக் கம்பெனி ஒன்று விழுந்தால் எழுந்தே தீரும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதி வைக்கவில்லை. சத்யம் கம்பெனியும் அந்த முப்பதில் ஒன்றாகத்தான் இருந்தது. 2009 ஜனவரி 7-ம் தேதி அதன் தலைவரே, 'காட்டிய கணக்குகள் பொய்' என்று கடிதம் எழுதிவிட்டார். அன்று மாலைக்குள் பங்கின் விலையில் முக்கால் பாகத்துக்கு மேல் கரைந்து போயிற்று. "அப்படியானால் எத்தனை கம்பெனிகளில் பிரித்துப் போடுவது?" என்று கேட்பீர்கள். இருபது கம்பெனிகளின் வருஷாந்திர அறிக்கையைப் படித்துப் பார்க்கப் பொறுமை உண்டானால் இருபது வாங்குங்கள். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்காகத்தான் சென்செக்ஸில் உள்ள எல்லாக் கம்பெனிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைத்திருக்கும் 'இண்டெக்ஸ் பண்டு'கள் ஏற்பட்டிருக்கின்றன. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"போட்ட பணம் பத்து வருஷத்தில் இரண்டு மடங்காகிவிட்டது!" என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து வருஷத்தில் இரண்டு மடங்கு என்றால் வருஷத்துக்கு ஏழே கால் வட்டிக்கும் சற்றுக் குறைவு. அலட்டிக் கொள்ளாமல் பாங்கில் போட்டிருந்தாலே ஏறக்குறைய வந்திருக்கக்கூடும். வாங்கியதில் லாபம் தந்ததை மட்டும் நாலு பேரிடம் சொல்லி, நஷ்டம் வந்ததை மறந்துவிடுவது மனித சுபாவம். மொத்தத்தையும் ஒரு தாளில் எழுதி, அதே பணத்தை இண்டெக்ஸ் பண்டில் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பக்கத்தில் எழுதினால், பல வீடுகளில் கொஞ்ச நேரம் மௌனம் நிலவும்.

கமிஷன் சமாசாரமும் அப்படித்தான். மியூச்சுவல் பண்டுகளில் இடைத்தரகர் இல்லாமல் நேராக வாங்கும் 'டைரக்ட்' வகை 2013 ஜனவரியிலிருந்து இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு வீதம் செலவு மிச்சமானால் என்ன பிரமாதம் என்று தோன்றும். லட்ச ரூபாய் பன்னிரண்டு வீதத்தில் இருபத்தைந்து வருஷம் வளர்ந்தால் 17 லட்சம்; பதினொரு வீதத்தில் வளர்ந்தால் 13 லட்சத்து 58 ஆயிரம். வித்தியாசத்தில் ஒரு கல்யாணத்துக்கு நகையே வாங்கலாம்.

'ஆப்ஷன்' என்கிற சூதாட்டத்தைப் பற்றி இரண்டே வரி. 2024 மார்ச்சோடு முடிந்த மூன்று வருஷங்களில், ஆப்ஷன் முதலான அந்த முன்பேர வகைகளில் இறங்கிய தனி மனிதர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள் என்று 'செபி' என்னும் கண்காணிப்பு ஸ்தாபனமே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளை அறைக் கதவைச் சாத்திக் கொண்டு காலை ஒன்பதே காலுக்கு டெலிபோனும் கையுமாக உட்கார்ந்தால், பெற்றவர்கள் கொஞ்சம் எட்டிப் பார்ப்பது நல்லது.

இனி நான் மிகவும் முக்கியமாகக் கருதும் கேள்விக்கு வருகிறேன். வீட்டில் இருப்பவற்றுள் எவை எவை யார் பெயரில், எங்கே இருக்கின்றன? இது உங்களுக்குத் தெரியுமா?

பல குடும்பங்களில் அவர்தான் எல்லாம் பார்த்துக் கொள்கிறார். "அதெல்லாம் உனக்கு எதற்கு?" என்று சொல்லக்கூட இல்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை, அவ்வளவுதான். மனைவி பெயரில் கணக்கு இருக்கும். அதை இயக்கும் ஓ.டி.பி. அவர் டெலிபோனுக்கு வரும். மனைவி பெயரில் வாங்கினால் வருமான வரி மிச்சம் என்று ஒரு நம்பிக்கை வேறு! கணவர் கொடுத்த பணத்தில் வாங்கிய பங்கின் வருமானம் கணவர் கணக்கிலேதான் சேர்க்கப்படும் என்பது சட்டம். உங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலோ, பிறந்த வீட்டில் தந்த பணத்திலோ வாங்கியதானால் அது உங்கள் கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் தனித் தனியே வைத்திருக்க இது ஒன்றே போதிய காரணம்.

திடீரென்று ஒரு நாள் அவர் இல்லாமற் போய்விட்டால்? அமங்கலமாகப் பேசுவதாக எண்ண வேண்டாம். அந்தப் பதின்மூன்று நாளைக்குள்ளேயே யாராவது ஒரு உறவினர், "ஓ.டி.பி. அவர் போனுக்குத்தானே வருகிறது, சட்டென்று விற்றுப் பணத்தை எடுத்துவிடுங்கள்" என்று யோசனை சொல்வார். சொல்கிறவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் காலமானவரின் கணக்கை இயக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. அவர் கொடுத்திருந்த அதிகாரப் பத்திரங்கூட அவரோடு முடிந்துவிடுகிறது. பின்னால் மற்ற வாரிசுகளில் ஒருவர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் விற்றவர்தான்.

முறையான வழி அப்படியொன்றும் கடினமல்ல. டீமாட் கணக்கில் நாமினி பெயர் எழுதியிருந்தால், இறப்புச் சான்றிதழோடு ஒரு விண்ணப்பம். பங்குகள் நாமினியின் கணக்குக்கு மாறிவிடும். நாமினி இல்லையென்றால்தான் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், உறுதிப் பத்திரம், தொகை பெரிதானால் கோர்ட்டு என்று படியேற வேண்டியிருக்கும்.

நாமினி என்றால் அவருக்கே சொத்து என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அதுவும் தவறு. கம்பெனிப் பங்குகளுக்கு நாமினியாக இருப்பதாலேயே ஒருவர் முழுச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார் என்று 2023 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியிருக்கிறது. நாமினி வாங்கி வைத்துக் கொள்பவர். பாத்தியதை உயில்படி, உயில் இல்லாவிட்டால் வாரிசுச் சட்டப்படி. பிரம்மசாரியாக இருந்தபோது அம்மாவை நாமினியாக எழுதிவிட்டு, கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் பிறந்த பிறகும் அதை மாற்றாமல் இருக்கிற ஆண்பிள்ளைகள் எத்தனையோ பேர். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆயுசுக்கும் மனஸ்தாபம் உண்டாக்க இதைக் காட்டிலும் நல்ல உபாயம் கிடையாது. ஹிந்து வாரிசுச் சட்டப்படி உயில் இல்லாமல் இறந்தவரின் தாய்க்கும் மனைவிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் சம பங்கு உண்டு என்பதை இரண்டு பேரும் தெரிந்து கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

எங்கே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. பான் கார்டு எண்ணை வைத்து, டீமாட் பங்குகளையும் மியூச்சுவல் பண்டுகளையும் ஒன்றாகக் காட்டும் கணக்கு அறிக்கை ஒன்று வந்து கொண்டே இருக்கிறது. கொடுக்கல் வாங்கல் நடந்த மாதத்தில் வரும். இல்லையென்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும். அவருடைய மின்னஞ்சலில் நூறு விளம்பரங்களுக்கு நடுவே கிடக்கும். அடுத்த முறை வரும்போது ஒரு பிரதி எடுத்துப் பீரோவில் வையுங்கள்.

பீரோ என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்தக் காலத்துக் காகிதப் பங்குப் பத்திரங்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கின்றன. "தாத்தா வாங்கினது, கம்பெனியே இல்லையாம்" என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். உதாரணத்துக்கு, கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1943-ல் ஆரம்பித்த பாங்க் ஆஃப் மதுரா. அந்தப் பெயரில் இன்று பாங்கு இல்லைதான். 2001-ல் அது ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்கோடு சேர்ந்தபோது ஒரு பங்குக்கு இரண்டு பங்குகள் கொடுத்தார்கள். 2014-ல் அந்தப் பங்கு ஒவ்வொன்றும் ஐந்தாகப் பிரிந்தது. 2017-ல் பத்துக்கு ஒன்று போனஸ். ஆக, தாத்தாவின் நூறு பங்குகள், யாரும் விற்றிராவிட்டால், இன்று ஆயிரத்து நூறு! பழைய தாளுக்கு மதிப்பில்லை. அதில் எழுதியிருக்கும் பெயருக்கும் எண்ணுக்கும் இருக்கிறது.

ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்டு வாங்காமல் விட்டிருந்தால் அந்தப் பங்குகள் சர்க்காரின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். போனதே தவிர, தொலையவில்லை. உரியவர்கள் திரும்பக் கேட்டு வாங்கலாம். அதற்கான விண்ணப்பத்துக்குச் சர்க்கார் கட்டணம் எதுவும் கிடையாது. "உங்கள் பாட்டனார் பெயரில் பங்கு இருக்கிறது, பாதி கொடுத்தால் மீட்டுத் தருகிறோம்" என்று டெலிபோன் செய்கிறவர்களிடம் உடனே கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். முதலில் கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள்.

இதில் நம் ஊர்ப் பெண்களுக்கென்றே ஒரு சங்கடம் இருக்கிறது. பத்திரத்தில் அப்பாவின் இனிஷியலோடு 'எஸ். ஜெயலக்ஷ்மி' என்றிருக்கும், பான் கார்டில் கணவர் பெயரோடு 'ஜெயலக்ஷ்மி ராமன்' என்றிருக்கும். இருவரும் ஒருவர்தான் என்று பதிவாளருக்கு எப்படித் தெரியும்? கெஜட்டில் வெளியான பெயர் மாற்றமோ, கல்யாணப் பதிவுச் சான்றிதழோ, பிரமாண வாக்குமூலமோ அவர் கேட்பார். கையெழுத்தும் நாற்பது வருஷத்தில் மாறியிருக்கும். 2019 ஏப்ரலிலிருந்து காகிதப் பங்கை அப்படியே இன்னொருவருக்கு விற்க முடியாது. டீமாட்டுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். அம்மாவோ பாட்டியோ கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே இந்தக் காரியத்தை முடித்துவிடுவது உத்தமம். பிற்பாடு செய்தால் இதே வேலைக்கு மூன்று மடங்கு காகிதம்.

எல்லாம் கைக்கு வந்த பிறகு வரி எவ்வளவு என்று கவலை பிறக்கும். வாரிசாக வந்ததற்கு வரி இல்லை. எஸ்டேட் டியூட்டி 1985-லேயே போய்விட்டது. விற்றால்தான் லாபத்துக்கு வரி. நீண்ட நாள் வைத்திருந்த பங்குகளில் வருஷத்துக்கு ஒன்றே கால் லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை என்று 2024 ஜூலையில் வைத்தார்கள். தாத்தா என்ன விலைக்கு வாங்கினார் என்பதற்கு ரசீது தேடி அட்டத்தைக் குடைய வேண்டியதில்லை. சந்தையில் விற்பனையாகும் பழைய பங்குகளுக்கு 2018 ஜனவரி 31-ம் தேதி விலையையே வாங்கிய விலையாக வைத்துக் கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த ஒரு நாளைய விலையை உங்கள் ஆடிட்டர் ஐந்து நிமிஷத்தில் எடுத்துச் சொல்லிவிடுவார்.